கரண்ட் மேல போடுற பழி

புது டெஸ்க்டாப் வாரத்துக்கு நாலு தடவை நீலத்திரை காட்டினால், எங்கள் தேவாரத்தில் முதலில் வரும் தீர்ப்பு: "கரண்ட் சரியில்ல." அடுத்தது: "ஒரு தடவை ஃபார்மேட் பண்ணிப் பாத்துரலாம்." முதல் தீர்ப்பில் கொஞ்சம் நியாயம் இருக்கு. மலையடிவார ஊர், வோல்டேஜ் ஏறி இறங்கும். ரெண்டாவதோடதான் எனக்குச் சண்டை.

விண்டோஸ் விழும்போது மினிடம்ப் என்று ஒரு கோப்பை எழுதிவைக்கும். ஈவன்ட் வியூவரிலும் பதிவு இருக்கும். ஃபார்மேட் செய்தால் இதெல்லாம் போச்சு. திருட்டு நடந்த வீட்டை, போலீஸ் வருமுன் கூட்டிக் கழுவிவிடுகிற வேலை இது.

பதிவைத் திறந்து பார்ப்பவர்களும் அவசரப்படுகிறார்கள். 'கெர்னல் பவர் 41' என்ற வரியைக் கண்டதும் "எஸ்எம்பிஎஸ் போச்சு" என்று மாற்றச் சொல்வார்கள். கணினி முறைப்படி மூடப்படவில்லை என்பதை மட்டும்தான் அந்த வரி சொல்கிறது. ஏன் என்று சொல்வதில்லை.

இந்த அவசரம் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு இன்டெல் கதையை விடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. 2022 அக்டோபரில் 13ஆம் தலைமுறை, அடுத்த அக்டோபரில் 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் வந்தன. வாங்கியவர்களில் பலருக்கு கேம்கள் திரும்பத் திரும்ப விழுந்தன. திரையில் வந்த செய்தியோ, வீடியோ மெமரி போதவில்லை என்றது. பார்த்தவர்கள் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். உண்மையில் தடுமாறியது பிராசசர்.

2024இல் முதலில் விரல் நீண்டது மதர்போர்டு செட்டிங் பக்கம். ஜூலையில்தான் இன்டெல் தன் மைக்ரோகோடிலேயே பிழை என்று ஒத்துக்கொண்டது: சிப் தனக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டிருக்கிறது. ஆகஸ்டில் வந்த திருத்தம் 1.55 வோல்டுக்கு மேல் கேட்க விடாமல் தடுத்தது. செப்டம்பரில் இன்னொரு திருத்தமும் வந்தது. ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை இவை சரிசெய்யாது, மாற்றத்தான் வேண்டும். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை 2 ஆண்டு நீட்டினார்கள்.

அப்போ காரணம் வோல்டேஜ்தான். ஆனா ஈபி கொடுக்கிற 230 வோல்ட் இல்ல. சிப்புக்குள்ள போற ஒன்றரை வோல்ட். ஸ்டெபிலைசர் வாங்கி வச்சாலும், விண்டோஸை பத்து தடவை ஏத்தினாலும் இது தீராது. திருத்தம் வந்தது பயாஸ் அப்டேட் வழியாக.

எல்லா கிராஷும் இன்டெல் கிராஷ் அல்ல. ராம், எஸ்எஸ்டி, டிரைவர், சூடு என்று பத்துக் காரணம் உண்டு. அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் பதிவுகளைக் காப்பி எடுங்க. என்ன செய்யும்போது விழுந்தது, எத்தனை மணிக்கு என்று தேதியோடு நோட்டில் குறிச்சு வைங்க. எக்ஸ்எம்பியை அணைச்சுட்டு, மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓட விடுங்க. யூபிஎஸ் துணையோட பயாஸை அப்டேட் பண்ணுங்க. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மூணை ஒண்ணா மாத்தினா, சரியானாலும் எதனால் சரியானதுன்னு தெரியாது.

சின்ன ஊர்க் கடைக்காரரிடம் மாற்றிப் போட்டுப் பார்க்க உதிரி பிராசசர் இருக்காது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் "தெரியல, கம்பெனிக்கு அனுப்பிப் பாப்போம்" என்று சொல்ல அவருக்கு என்ன தடை? ஒவ்வொரு ஃபார்மேட்டும் வாரன்டியில் ஒரு மாதத்தைத் தின்கிறது. கடன் வாங்கிப் பிள்ளை படிப்புக்குக் கணினி எடுத்த வீட்டுக்கு அது சின்ன இழப்பில்லை. பில்லில் பிராசசரின் மாடல், சீரியல் எண் ரெண்டையும் எழுதி வாங்குங்க. பெட்டியோடு வந்ததா, தனியாக வந்த டிரே சிப்பா என்றும் கேளுங்க. டிரே சிப்புக்கு வாரன்டி கேட்டுப் போகவேண்டியது, விற்றவரிடம்தான்.