நீர்த்துறையும் பிணைமானும்

உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை முழுதும் ஓதியறியாத வீடுகளிலுங்கூட ‘மானுக்குப் பிணை நின்ற படல’த்தின் கதை தெரிந்திருக்கும். வேடன் ஒருவன் வலையிற் பிடித்துக் கட்டிவைத்த மான், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறது. கன்றுக்குப் பாலூட்டி மீள்வதாக வாக்களிக்கிறது. பெருமானார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். சொன்னபடியே மான் திரும்பி வர, வேடன் தீனில் இணைகிறான். நுபுவ்வத்துக் காண்டத்தில் அமைந்த இப்படலத்தை நம்மவர் பெரும்பாலும் முஃஜிஸாத்து என்ற அளவிலேயே போற்றி வந்துள்ளனர். அப்போற்றுதலில் குறை காண்பார் இலர். ஆயினும் தமிழில் நெடுங்காலமாக வந்துள்ள வேட்டைப் பாடல்களின் வரிசையில் வைத்து நோக்கினாலன்றி உமறு செய்தது இன்னதென்று முழுதும் விளங்காது என்பது நமது துணிபு.

அவ்வரிசையை நினைந்து பார்க்கத் திருவண்ணாமலையினும் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. அங்குள்ள அருணாசலேசுவரர் கோயிலை நாடறியும்; மலைச் சரிவில் வாழும் புள்ளிமான்களை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மரமற்றுக் கிடந்த அம்மலை 1980களில் தொடங்கிய மரநடவுப் பணிகளுக்குப் பின் மெல்ல மெல்லப் பசுமை பெற்றது. கோடையிற் சுனைகள் வற்றும்போது மான்கள் 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையை ஒட்டிய குளங்களை நாடி இறங்குகின்றன. தெருநாய்கள் குதறியும் வண்டிகள் மோதியும் அவை மாண்ட செய்திகளை நாளேடுகளிற் காண்கிறோம். ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்குச் சமாதி இருப்பதுபோலவே வள்ளி என்ற மானுக்கும் ஒரு சமாதி உண்டு.

இம்மாவட்டத்துப் பர்வதமலையே மலைபடுகடாம் கூறும் நவிரமலை என்பர் அறிஞர். பாட்டுடைத் தலைவனான நன்னன் ஆண்டது செங்கத்தில். பெருங்கௌசிகனாரின் அந்த 583 அடிகளில், நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு ஓர் எச்சரிக்கை வருகிறது: புனத்தை மேயும் பன்றிகளுக்கு அஞ்சி வழிப் புழைகளிலெல்லாம் கற்பொறி மாட்டியிருப்பார்கள், பார்த்துச் செல்லுங்கள் என்று. விலங்கு எவ்வழியே வரும் என்பதை அறிந்து அங்கே பொறியை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கலை இம்மலைநாட்டுக்குச் சங்க காலத்திலேயே கைவந்திருந்தது.

மான் வேட்டையின் நுட்பமும் இதுவே. மானைத் துரத்திப் பிடிப்பவன் அரியன். புள்ளிமானுக்கு நெடிது நீரின்றி இருக்க இயலாது. வெயில் ஏறினால் நிழலிற் படுத்து அசைபோடும். ஈன்ற பிணை, கன்றைப் புதரில் மறைவாகக் கிடத்திவிட்டு மேயச் செல்லும். பாலூட்டுதற்கு மீண்டும் அவ்விடத்துக்கே வரும். தாய் வருமளவும் கன்று அசையாது கிடக்கும். நீர்த்துறையையும் படுக்கும் இடத்தையும் அறிந்த வேடனுக்கு வேகம் வேண்டுவதில்லை. காத்திருக்கும் பொறுமை இருந்தாற் போதும். மானுடைய தேவையே அவனுக்குப் பொறியாகிவிடுகிறது.

இக்காத்திருப்பைத் தமிழில் மிக நுணுக்கமாகப் பாடியவர் பெரும்பாணாற்றுப்படை ஆசிரியர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். மழை பொய்த்த காலம். மான் குளம்பின் சுவடுகள் பதிந்து வழிகள் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கின்றன. நீரை நாடி விலங்குகள் வரும் இடத்தருகே குழி தோண்டி, அதனுள் உடலை ஒடுக்கி ஒளிந்துகொண்டு, நள்ளிரவில் எயினர் காத்திருக்கின்றனர். அவர்கள் எதிர்பார்ப்பது வளைந்த கொம்புடைய பன்றியை. அது வாய்க்காவிடின் மறுநாள் நாய்களோடு சென்று வலை கட்டி முயல் பிடிப்பர். புலவர் இதைப் பழிக்கவுமில்லை, புகழவுமில்லை. வறண்ட நிலத்தில் வேடனுக்கும் பசி, விலங்குக்கும் தாகம். இரண்டையும் ஒரே குழியருகே நிறுத்திவிட்டு அவர் மேலே செல்கிறார்.

அதே வறண்ட சுனையை மாறன் பொறையனார் ஐந்திணை ஐம்பதில் வேறொரு கண்ணாற் காண்கிறார். இருவர்க்கும் போதாத சிறிது நீர். பிணைமான் வயிறாரக் குடிக்கட்டும் என்று கலைமான் தான் குடிப்பதுபோல் நடிக்கிறது. இப்பாட்டை அறியாத தமிழாசிரியர் இரார். ஆயின், இந்த இணை குனிந்து நிற்கும் சுனையருகேயும் உருத்திரங்கண்ணனாரின் குழி இருக்கலாமே என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? அகப்பாட்டின் வேலி வேடனை உள்ளே விடுவதில்லை. அது அவ்விலக்கிய மரபின் அழகு; அதன் எல்லையும் அதுவே.

பிற்காலத்தில் சேக்கிழார் கண்ணப்பரின் முதல் வேட்டையைப் பாடும்போது வேடருக்கும் ஓர் அறம் உண்டென்று காட்டுகிறார். யானைக் கன்றுகளை அவர்கள் பின்தொடரவில்லை; குருளைகளைக் கொல்லவில்லை; கருவுற்று அடி தளர்ந்த பிணைகளை வருத்தவில்லை. இது வேட்டை நூலார் வகுத்த நெறி போலத் தோன்றினும், கொலைத் தொழிலின் நடுவே நின்று விலக்குகளை எண்ணும் அந்நிதானம் பெரிது.

இங்கே நம் மரபிலிருந்தும் ஒரு செய்தியை எடுத்துரைக்க வேண்டும். மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியை வெருட்டலாகாது என்பது நபிமொழி. வெருட்டுவது என்றால் என்ன? நிழலிலிருக்கும் பிராணியை எழுப்பி விலக்கிவிட்டு அவ்விடத்தில் தான் தங்குவது என்று இக்ரிமா விளக்கியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. அம்பில்லை, இரத்தமில்லை, ஒரு மானின் நிழலை எடுத்துக்கொள்வதே அங்கே குற்றம். படுக்கும் இடம் அதற்குரியது என்னும் எண்ணத்தை இதனினும் சுருங்கச் சொல்ல இயலுமோ?

உமறு இவ்வரிசையின் பின்னே நிற்கிறார். அவர் கையாண்ட முதல் நுட்பம் வலை. நீர்த்துறையில் எய்த அம்புக்குப் பின் பேச்சுக்கு இடமில்லை. வலையோ மானை உயிரோடு வைக்கிறது. பிடிபட்டதற்கும் அறுபடுவதற்கும் இடையே ஒரு பொழுது கிடைக்கிறது. படலம் முழுவதும் அந்த இடைப்பொழுதிலேதான் நடக்கிறது. இரண்டாவது, மான் கேட்பது யாது என்பது. உயிர்ப் பிச்சையை அது கேட்கவில்லை. கன்றிடம் சென்று மீளும் நேரத்தையே கேட்கிறது. மறைவிற் கிடக்கும் கன்று தாய் வாராவிடின் மாயும் என்பதை அறிந்தவர்க்கு இது கற்பனை உருக்கமாகத் தோன்றாது. மானின் இயல்பே இது. முந்தைய புலவர் வேடனின் கண்ணாலும் காதலர் கண்ணாலும் கண்ட விலங்கின் தேவையை உமறு விலங்கின் வாயாலேயே சொல்ல வைத்தார்.

மூன்றாவது, ‘பிணை’ என்னும் சொல். பெண்மானுக்கும் அதுவே பெயர், ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்புக்கும் அதுவே பெயர், கட்டுதற்கும் அதுவே. நீதிமன்றத்தில் வழங்கும் ஜாமீன் என்ற சொல் அரபியின் ‘ளாமின்’ வழி வந்தது. ஒருவரை உரிய நேரத்தில் முன்னிறுத்துவதாகப் பொறுப்பேற்பதை ஃபிக்ஹு நூல்கள் கஃபாலத்தின் ஒரு வகையாக விரித்துரைக்கும். அரபுக் கதையில் இல்லாத ஒரு சேர்க்கையைத் தமிழ்ச் சொல் உமறுக்குத் தந்தது. பிணைக்குப் பிணை என்று சொல்லும்போதே, காட்டு விலங்கும் உடன்படிக்கையின் ஒரு தரப்பாகிவிடுகிறது.

இக்கதையின் அறிவிப்புத் தொடரைப் பலவீனமானதென்று கூறிய ஹதீஸ் கலை அறிஞர்கள் உண்டு. அது அத்துறையார் ஆயவேண்டியது. காப்பியத்தை நாம் காப்பியமாகவே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

நமக்குள்ள மனக்குறை வேறு. மீலாது மேடைகளிலும் சிறுவர் நூல்களிலும் இக்கதையைச் சொல்வோர் வேடனைக் கொடியவனாக்கி, அவனது மறுமொழியை விட்டுவிடுகின்றனர். உமறு அப்படிச் செய்யவில்லை. காட்டில் அலைந்து வருந்திப் பிடித்ததை விட்டுவிடச் சொல்கிறீர்களே, காட்டுக்குள் போன மான் மனிதரிடம் திரும்பி வந்ததுண்டோ என்று அவன் வாதாடுகிறான். அவ்வாதம் நியாயமானது. எயினர் குழியில் ஒடுங்கியிருந்த அதே பசிதான் இங்கே பேசுகிறது. அதை நீக்கிவிட்டால் பிணை நிற்பதற்குப் பொருளே இல்லை. இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவனிடம் யார் பிணை கேட்பார்? வேட்டை வயிற்றுப்பாடாக இருந்த காலத்து மனிதன் அவன். இன்று நீர் தேடி இறங்கும் மானின் தடத்திலே கம்பிச் சுருக்கு வைப்பவனுக்கோ, விருந்தில் மெல்லிய குரலில் ‘மான் கறி’ என்று பெருமை பேசுபவனுக்கோ அந்த வாதம் கிட்டாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் வந்த திருத்தமும் அவ்வழியை அடைத்துவிட்டன.

படலத்தின் உச்சம் வேடன் கலிமாச் சொல்லும் இடமென்பர் பலர். நாம் அதற்கு முந்திய ஓரிடத்தையே சிறந்ததெனக் கொள்வோம். மான் தன் இனத்தைச் சென்று சேர்கிறது, கன்று பாலுண்கிறது, நடந்ததை மான் சொல்கிறது. கலையும் சுற்றமும் போகவேண்டா என்று தடுக்கின்றன. அங்கே வேடன் இல்லை, வலை இல்லை, பெருமானாரும் அருகில் இல்லை. ஓடிவிட்டால் கேட்பார் இல்லை. தனக்காகப் பிணை நின்றவரை நினைத்துத் தன்னினத்தோடு வாதாடி, கன்றையும் உடன் அழைத்துக்கொண்டு அது புறப்படுகிறது. உமறு இவ்விடத்தில் வேகமாகக் கடந்துவிடாமல் நின்று பாடியிருக்கிறார். வீட்டில் ஓதுவோர் இப்பகுதிச் செய்யுட்களை விடாது ஓதிப் பார்க்கலாம்.