மூளைச்சாவு: சோதனை தாங்கும், நடைமுறை தாங்குமா?

தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் மகனின் நெஞ்சு ஏறி இறங்குகிறது. தொட்டால் உடம்பு சுடுகிறது. திரையில் இதயத் துடிப்பு ஓடுகிறது. மருத்துவர் வந்து, "மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டது, இனி அவர் இல்லை" என்கிறார். "மூச்சு இருக்குதேய்யா" என்கிறாள் தாய். அவளுக்கு மருத்துவமும் சட்டமும் தரும் விடை எவ்வளவு உறுதியானது? மருத்துவத்தின் விடை உறுதியானது. சட்டத்தின் விடை பாதியில் நிற்கிறது என்பது என் முடிவு.

மூச்சும் நாடியும் நின்றனவா என்று பார்ப்பதே நெடுங்காலமாகச் சாவை அறியும் வழி. செயற்கைச் சுவாசக் கருவி வந்தபின் அது மட்டும் போதவில்லை. மூளை அழிந்த பின்னும் கருவி காற்றைத் தள்ளும். ஆக்ஸிஜன் கிடைக்கும்வரை இதயம் தன் போக்கில் துடிக்கும். பிரெஞ்சு மருத்துவர்கள் மொல்லாரேயும் கூலோனும் 1959இல் இந்த நிலையை விவரித்தார்கள். 1968இல் ஹார்வர்டு குழு அதற்கு அளவுகோல் வகுத்தது. உறுப்பு எடுப்பதற்காகவே சாவின் இலக்கணத்தை மாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு அன்றிலிருந்து தொடர்கிறது. முதல் இதய மாற்று அறுவை நடந்தது 1967 டிசம்பரில். ஹார்வர்டு அறிக்கையும் உறுப்பு மாற்றைத் தன் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. ஆகவே ஐயத்தை உதறித்தள்ள முடியாது. ஆனால் பாரிஸ் மருத்துவர்கள் அந்த நிலையைக் கண்டது முதல் இதய மாற்றுக்கு எட்டு ஆண்டுகள் முன்பு, சுவாசக் கருவிகளின் அருகே. உறுப்புத் தேவை அதை உருவாக்கவில்லை.

இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை, அதாவது மூச்சை இயக்கும் மூளை அடிப்பகுதியின் அழிவை, இறப்பாக ஏற்றது. நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும்: மருத்துவமனைப் பொறுப்பாளர், தனியாக நியமிக்கப்பட்ட ஒரு வல்லுநர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பு அறுவை மருத்துவர், சிகிச்சை அளிப்பவர். உறுப்பு மாற்றுக் குழுவினர் எவரும் இதில் இருக்கக் கூடாது. ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு இருமுறை சோதிக்க வேண்டும்.

சோதனையின் வலிமை அதன் முதல் படியிலேயே தெரியும். மயக்க மருந்து, தசைத் தளர்த்தி மருந்து, உடல் குளிர்ச்சி, இரத்த உப்புகளின் பெரும் மாறுபாடு ஆகியவை இல்லை என்று உறுதிசெய்த பிறகே அடுத்த படி. நம் ஊர்களில் இது உயிர்காக்கும் விதி. கட்டுவிரியன் தீண்டியவரின் தசைகள் அனைத்தும் செயலிழக்கலாம். கண்பாவை ஒளிக்குச் சுருங்காமல் போகலாம். கிள்ளினாலும் அசைவு இராது. பார்ப்பவர்களுக்கு மூளைச்சாவு போலவே தோன்றும். உள்ளே மூளை உயிரோடு இருக்கும். சுவாசக் கருவியில் வைத்துப் பொறுத்தால் அவர் எழுந்து நடந்து வீடு திரும்பக்கூடும். முதல் படியைத் தாண்டிக் குதிக்கும் மருத்துவர் உயிருள்ளவரை இறந்தவராக்கிவிடுவார்.

அதன்பின் மூளைத்தண்டின் அனிச்சைச் செயல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். கண்ணில் ஒளி பாய்ச்சுவது, விழிமேல் பஞ்சால் தொடுவது, காதில் பனிக்கட்டி நீர் விட்டு விழி அசைகிறதா என்று கவனிப்பது, மூச்சுக்குழாயில் குழாய் நுழைத்து இருமல் வருகிறதா என்று பார்ப்பது. கடைசியாக மூச்சுச் சோதனை. உடலுக்குத் தூய ஆக்ஸிஜன் ஊட்டிவிட்டுக் கருவியைப் பிரிக்கிறார்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறுகிறது. அதன் அழுத்தம் 60 மில்லிமீட்டரைத் தொடும்போது, செயல்படும் மூளைத்தண்டு மூச்சை இழுக்காமல் இருக்காது. அப்போதும் நெஞ்சு அசையவில்லை என்றால் ஐயத்துக்கு இடமில்லை. தன் அளவுகோல்களின்படி மூளைச்சாவு உறுதிசெய்யப்பட்ட பெரியவர்கள் எவரும் மூளைச் செயல்பாட்டை மீண்டும் பெற்றதாக வெளியான பதிவு இல்லை என்று அமெரிக்க நரம்பியல் அகாதமி 2010இல் ஆராய்ந்து சொன்னது. இதற்குப் பெரிய ஸ்கேன் கருவியும் வேண்டாம். சுவாசக் கருவியும் இரத்த வாயுப் பரிசோதனையும் பயிற்சி பெற்றவர்களும் இருந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் செய்யலாம். முகம் சிதைந்தவர்கள், நுரையீரல் கெட்டவர்கள் போன்று இந்தச் சோதனைகளைச் செய்ய இயலாதவர்களுக்கு மட்டும் மூளை இரத்த ஓட்டப் பரிசோதனை போன்ற துணைச் சான்று வேண்டும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மூளைத்தண்டுச் சாவைச் சாவு என்று சொல்வது உறுப்பு மாற்றுச் சட்டம். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமோ உயிரின் அறிகுறிகள் அனைத்தும் நிரந்தரமாக மறைவதே இறப்பு என்கிறது. மூளைத்தண்டைப் பற்றிப் பேசவில்லை. விளைவைப் பாருங்கள். அடுத்தடுத்த படுக்கைகளில் இருவர், ஒரே நிலை. ஒரு குடும்பம் உறுப்புக் கொடைக்குச் சம்மதிக்கிறது. அவர் சட்டப்படி இறந்தவர். இன்னொரு குடும்பம் மறுக்கிறது. அவரிடமிருந்து கருவியை எடுக்க மருத்துவர் தயங்குகிறார். இதயம் தானாக நிற்கும்வரை படுக்கைக் கட்டணம் ஏறுகிறது, நகை அடகுக்குப் போகிறது, வீட்டார் பொய்யான நம்பிக்கையில் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். உறுப்பு கேட்கும்போது மட்டும் சாவை அறிவித்தால், உறுப்புக்காகத்தான் அறிவிக்கிறார்கள் என்று மக்கள் நினைப்பதில் என்ன தவறு?

சொல்லும் முறையிலும் குறை உண்டு. இறப்புச் செய்தியும் உறுப்புக் கோரிக்கையும் ஒரே மூச்சில் வந்தால் இரண்டின் மீதும் நம்பிக்கை போகும். தண்டுவட அனிச்சையால் இறந்தவரின் கை சில வேளைகளில் அசையும். முன்கூட்டி விளக்காவிட்டால் அதைக் காணும் குடும்பம் ஆயுளுக்கும் அந்தக் காட்சியை மறக்காது. நரம்பியல் வல்லுநர் கிடைக்காத இடங்களில் மயக்கவியல் மருத்துவரோ தீவிர சிகிச்சை மருத்துவரோ அந்த இடத்தில் கையெழுத்திட 2011ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டது. சிற்றூர்களுக்கு அது தேவையான தளர்வு. ஆனால் தளர்வுக்கு ஏற்பப் பயிற்சி பெருகவில்லை என்றால் அதுவே ஆபத்து.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தது மாநிலத்தின் மனத்தைத் திறந்தது. உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை என்று 2023இல் முதலமைச்சர் அறிவித்தார். கொடுத்தவர்களுக்கு இவ்வளவு செய்த நாம், கொடுக்க மனம் வராதவர்களுக்கு என்ன செய்தோம்? கேரளம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, மூளைச்சாவு அறிவிப்பை உறுப்புக் கொடையிலிருந்து பிரித்தது. நாமும் அந்த வழியில் போக வேண்டும்.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூளைத்தண்டுச் சாவைச் சேர்க்க வேண்டும். உறுப்பு கேட்கும் எண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அறிகுறி தென்பட்ட ஒவ்வொரு படுக்கையிலும் சோதனை நடக்க வேண்டும். விரும்பும் உறவினர் ஒருவர் மூச்சுச் சோதனையின்போது அருகில் நிற்க இடம் தர வேண்டும். கருவி பிரிந்தபின் நெஞ்சு அசையாததைத் தன் கண்ணால் கண்டவருக்கு நான்கு கையெழுத்துகளின் பொருள் தனியாகச் சொல்ல வேண்டியிராது. கொடை பற்றிய பேச்சு அதற்குப் பிறகு, வேறொருவர் வாயிலிருந்து, அவசரமில்லாமல் வரட்டும். அப்படிக் கேட்டால் சம்மதம் குறையும் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். சாவை நம்பாதவர்களிடம் பெறும் சம்மதம் நிலைக்காது. அதை நம்பச் செய்வது மருத்துவமனையின் கடமை, கொடுப்பதும் மறுப்பதும் குடும்பத்தின் உரிமை.