ஒரு சூத்திரம், இரண்டு உரை: வீட்டுத் தானியங்கிச் செயலிகள் பற்றி ஒரு மதிப்பீடு

ஹடப்சர் காடிதள் பக்கம் முப்பது வருஷமாக எலெக்ட்ரிக் சாமான் விற்றுப் பிழைக்கிறவன் நான். ராத்திரி கடை சாத்திய பிறகு நன்னூலும் அதன் உரைகளும்தான் துணை. இந்த மலருக்கு வழக்கம்போல் இலக்கணக் கட்டுரை கொடுக்கவே உட்கார்ந்தேன். வீட்டில் நடந்த ஒரு சங்கதி தொழிலையும் இலக்கணத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் மகனுக்கு மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் உத்தியோகம். வீடு முழுக்கக் கைப்பேசியால் இயக்கும் பல்புகளை மாட்டினான். சுவர் சுவிட்சை யாரும் தொடக்கூடாது என்று அதன்மேல் டேப் வேறு ஒட்டினான். சுவிட்சை அணைத்தால் பல்புக்குள் இருக்கும் சிறு ரேடியோவுக்கு மின்சாரம் போகாது, கைப்பேசியில் 'ஆஃப்லைன்' என்று வந்துவிடும். அதோடு இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தான். நடுராத்திரியில் கரண்டு போய் வந்தால் எல்லா பல்பும் ஒரேயடியாக எரியுமல்லவா, அது கூடாதென்று, கரண்டு வந்ததும் பல்பு முன்பிருந்த நிலையிலேயே இருக்கும்படி அமைத்தான். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன்.

என் தாயாருக்கு எண்பத்தாறு வயது. ஒரு நாள் சாயங்காலம் நாங்கள் எல்லோரும் வெளியே போயிருந்தோம். விளக்கைக் கைப்பேசியில் அணைத்துவிட்டுப் போயிருக்கிறோம். அம்மா டேப்பைப் பிய்த்துச் சுவிட்சைத் தட்டினார், திரும்பவும் தட்டினார். பல்பு தன் பழைய நிலையை, அதாவது அணைந்திருந்த நிலையை, விசுவாசமாகக் காப்பாற்றியது. நாங்கள் திரும்பி வந்தபோது இருட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஏம்ப்பா, கரண்டு பில்லு கட்டலியா?" என்றுதான் கேட்டார்.

அன்றிரவு எனக்கு நன்னூல் பொதுப்பாயிரம் ஞாபகம் வந்தது. பவணந்தியார் அங்கே உரையை இரண்டு வகையாக்குகிறார். கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை என்று ஐந்து உறுப்புகளால் சூத்திரத்தின் உட்பொருளைக் காட்டுவது காண்டிகை. அவற்றோடு நில்லாமல், அவ்விடத்துக்கு இன்றியமையாத எல்லாவற்றையும் தன் உரையாலும் பிற நூல்களாலும் ஐயமற விளக்குவது விருத்தி. நம்மவர் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஓர் இடம் இதில் உண்டு. காண்டிகையின் ஐந்து உறுப்புகளும் விருத்திக்குள்ளும் இருக்க வேண்டும் என்கிறார் அவர். காண்டிகை படித்த பிள்ளை விருத்திக்குப் போகும்போது எதையும் மறக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் சூத்திரம் ஒன்றே.

கம்ப்யூட்டர்காரர்கள் இடைமுகம் என்று சொல்வதை இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டில் சூத்திரம் எது? சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும் என்பதுதான். மகன் விருத்தி எழுதப் போய்ச் சூத்திரத்தையே திருத்திவிட்டான்.

இது புதுத் தவறு அல்ல. 1969இல் அமெரிக்காவின் நீமன் மார்க்கஸ் கடை தன் விலைப்பட்டியலில் ஹனிவெல்லின் சமையலறைக் கணினியை 10,600 டாலருக்கு விளம்பரம் செய்தது. சமையல் குறிப்பைச் சேமித்து வைக்குமாம்! முகப்பில் இருந்ததோ வரிசையாகச் சுவிட்சுகளும் மினுக்கும் விளக்குகளும், எல்லாம் பூஜ்யம்–ஒன்று கணக்கு. விலையோடு இரண்டு வாரப் பயிற்சியும் சேர்த்தி. ஒன்றுகூட விற்றதாகத் தகவல் இல்லை. அங்கே விருத்தி மட்டும் இருந்தது, காண்டிகை இல்லை.

நேர் எதிர்க் கோளாறு மகன் வாங்கிய செயலியில். பெயர் வேண்டாம். எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் வழக்கம். அதற்கு முக்கால் மணி முன்னால் மணி அடிக்க வேண்டும் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். எளிய திரையில் கடிகார நேரம் மட்டுந்தான் கொடுக்கலாம். புனேயில் டிசம்பர் தொடக்கத்தில் ஆறு மணிக்கே சூரியன் மறையும், ஜூலையில் ஏழேகால் ஆகிவிடும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சூரிய அஸ்தமனம் என்ற தேர்வு 'அட்வான்ஸ்டு' என்ற கதவுக்குப் பின்னால் இருந்தது. அந்தக் கதவைத் திறந்தால் பழைய திரையே காணோம், பெயர்கள்கூட வேறு. "இது நமக்கில்லீங்க" என்று கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டாள். சமையலறையையே ஆளுகிறவளைப் பாலபாட வகுப்பில் உட்கார வைத்த இடைமுகம் அது. தேவை எளியது, தேர்வுதான் ஒளிந்து கிடக்கிறது.

இந்தச் சிக்கலோடு பகிரங்கமாக மல்லுக்கட்டியது 2013இல் பவுலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற கட்டற்ற மென்பொருள். ஆரம்பத்தில் எல்லா விதிகளையும் 'யாமல்' என்ற எழுத்துக் கோப்பில்தான் எழுத வேண்டும். ஓர் இடைவெளி பிசகினால் தகராறு. 2020 ஏப்ரலில், சாதனங்களை இணைக்கும் வேலை கோப்பிலிருந்து திரைக்கு மாறும் என்று அறிவித்தார்கள். பழகியவர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: எழுத்தில் இருப்பதைப் பிரதி எடுக்கலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம். அதே வருஷம் டிசம்பரில் 'புளூபிரிண்ட்' வந்தது. கைதேர்ந்தவர் ஒரு விதியை எழுதி, மாறக்கூடிய இடங்களை மட்டும் காலியாக விடுகிறார். புதியவர் தன் பல்பின் பெயரையும் நேரத்தையும் நிரப்பிக்கொள்கிறார். உரையாசிரியரும் மாணவரும் ஒரே ஏட்டில்! இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தானியங்கு விதி எழுதும் பக்கத்திலும் ஒரே விதியைத் திரையாகவும் பார்க்கலாம், யாமலாகவும் பார்க்கலாம். ஒரே குறை, யாமலில் எழுதிய ஓரக்குறிப்புகள் திரை வழியாகச் சேமித்ததும் காணாமற் போகும். ஏட்டுச் சுவடியைப் புதுப்பிக்கிறேன் என்று உரைக்குறிப்பை உதிர்த்துவிடுகிற மாதிரி.

தொழில் ரீதியாக ஒன்று சொல்ல வேண்டும். பல்புக்குள் புத்தியை வைப்பதைவிடச் சுவிட்சுப் பலகைக்குப் பின்னால் ரிலே மாட்யூல் வைப்பது மேல். சுவிட்சும் வேலை செய்யும், கைப்பேசியும் வேலை செய்யும். மாடிப்படி டூ-வே சுவிட்ச் மாதிரிதான். நம்ம ஊர்ப் பலகைகளில் பெரும்பாலும் பிளக்பாயின்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் ஒயரும் கைக்குக் கிடைக்கும். பெட்டியில் இடம் போதுமா என்று மட்டும் எலெக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் விற்பனைக்காகச் சொல்கிறேன் என்பீர்கள், அதுவும் கொஞ்சம் உண்மைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் மாட்யூல் போட்டான், டேப்பை எடுத்தான். அஸ்தமன மணியை நான் புளூபிரிண்டாக எழுதச் சொன்னேன். காலியிடம் ஒன்றே ஒன்று: எத்தனை நிமிஷம் முன்னால்? என் மனைவி முதலில் நாற்பத்தைந்து போட்டாள், இரண்டு நாளில் அவளே அறுபது ஆக்கிக்கொண்டாள். அம்மா சுவிட்சைத் தட்டுகிறார். மணி மட்டும் சத்தம் பத்தவில்லையாம்.