தி வெல்-டியூன்டு பியானோ: ஐந்தை விலக்கிய ஒத்திசைவு

தி வெல்-டியூன்டு பியானோ என்பது அமெரிக்க இசையமைப்பாளர் லா மான்டே யங் 1964-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்த தனிப் பியானோ படைப்பாகும். 1981 அக்டோபர் 25 அன்று நியூயார்க்கில் அவர் வாசித்த ஐந்து மணி நேர இசை, 1987-இல் ஒலிப்பதிவாக வெளிவந்தது.

சுருதி அமைப்பு

இன்றைய பியானோவில் 1200 சென்ட் கொண்ட ஒரு ஸ்தாயி 12 சம பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஷட்ஜத்திலிருந்து சாதாரண காந்தாரம் 300 சென்ட், அந்தர காந்தாரம் 400 சென்ட். இயற்கை விகிதங்களில் இவை 6:5 (316 சென்ட்), 5:4 (386 சென்ட்) ஆகும். இரண்டிலும் ஐந்து என்ற எண் உள்ளது.

யங் ஐந்தை நீக்கிவிட்டு 2, 3, 7 ஆகிய பகா எண்களால் மட்டுமே சுருதி கூட்டினார். அதனால் அவருடைய காந்தாரங்கள் 7:6 (267 சென்ட்), 9:7 (435 சென்ட்) என்று அமைந்தன. முதலாவது வழக்கத்தைவிட மிகக் குறுகியது. இரண்டாவது மிக அகன்றது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டும் சேர்ந்து 3:2 என்ற தூய பஞ்சமம் ஆகின்றன. பி-பிளாட், சி, எஃப் ஆகிய கட்டைகளை அடுத்தடுத்து மேல்நோக்கி அழுத்தினால் இந்த 6:7:9 கூட்டொலி கிடைக்கும். இப்பியானோவில் ஜி-ஷார்ப், ஜி-யைவிடத் தாழ்ந்து ஒலிக்கும்.

மதிப்பீடு

இது வெறும் எண் விளையாட்டு என்று சொல்வோர் உண்டு. செவி அதை ஏற்கவில்லை. குறுகிய காந்தாரம் சற்று நேரம் ஒலித்தால் அமைதி கொள்கிறது. அகன்ற காந்தாரமோ எவ்வளவு நேரம் ஒலித்தாலும் முழுமையாக அடங்குவதில்லை. காரணம் எளியது: 7:6-இல் கீழ்ச்சுரத்தின் 7-ஆம் பகுதிச் சுரமும் மேல்சுரத்தின் 6-ஆம் பகுதிச் சுரமும் பொருந்துகின்றன. 9:7-இல் 9-ஆம், 7-ஆம் பகுதிச் சுரங்கள்வரை போனால்தான் பொருத்தம் கிடைக்கும். அவை மங்கலானவை. இந்த வேறுபாட்டை மறைக்காமல், அதையே இசையின் இயக்கமாக்கியது யங்கின் வெற்றி. விரைவாகத் தட்டிய சுரங்கள் ஒன்றோடொன்று கலக்கும் 'மேகம்' பகுதிகளில், எந்தக் கட்டையும் எழுப்பாத சுரங்கள்கூடக் கேட்கின்றன.

யங் 1970 முதல் பண்டிட் பிராண் நாத்திடம் கிரானா மரபு இந்துஸ்தானி இசை பயின்றார். ஆனால் படைப்பு அதற்கு ஆறாண்டு முன்பே தொடங்கிவிட்டது. எனவே இதன் சுருதியை இந்துஸ்தானி இசையிலிருந்து வந்ததாகக் கூறுவது சரியன்று. 1981 வாசிப்பின் நிதானத்தை மட்டும் ஆலாபனையோடு ஒப்பிடலாம்.

குறையும் உண்டு. சுருதி விகிதங்களை யங் நெடுங்காலம் வெளியிடவில்லை. கைல் கானின் விரிவான ஆய்வு 1993-இல் வந்த பிறகே பிறர் அவற்றைச் சோதிக்க முடிந்தது. செவியின் இயல்பை நம்பி எழுந்த இசைக்கு அந்த மறைப்பு பொருந்தவில்லை.

முழுப் பதிவையும் ஒரே அமர்வில் கேட்பது மாணவர்க்குக் கடினம். முதல் அரை மணி நேரத்தைப் பொறுமையாகக் கேட்டபின் சாதாரணப் பியானோ ஒன்றைக் கேட்டால், அதன் 400 சென்ட் காந்தாரமும் மனிதர் ஏற்படுத்திக்கொண்ட ஓர் உடன்பாடே என்பது புரியும்.