ஐம்பது நொடிக்குள் ஒரு பூச்சந்தை

டாக்குமெண்டரி எடுக்கிறேன் என்று சொன்னால் நம் ஊரில் உடனே வரும் கேள்வி, "அதெல்லாம் சரிம்மா, எப்போ படம் எடுக்கப்போற?" கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்பார், வீட்டு ஓனர் கேட்பார், கேமரா வாடகைக்குக் கொடுக்கிறவரே கேட்பார். இந்தக் கேள்வி ஒருமுறைகூடக் காதில் விழாத ஒரு சனி ஞாயிறு எனக்கு மதுரையில், ஓர் ஆவணப்படப் பட்டறையில் வாய்த்தது. நாகமலை அடிவாரத்தில் பழைய ஓட்டுக் கட்டடம், கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறிகள், பாயில் உட்கார்ந்து ராத்திரி பகலாகப் பேசித் தீர்த்த ஆவணப்படக்காரர்கள். ஐயோ, என்ன ஒரு கூட்டம்! ஊர் திரும்பிய பிறகும் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வந்தவர்களில் பாதிப்பேர் என்னைப்போல ஒற்றையாட்கள். கேமராவும் நாமே, மைக்கும் நாமே, ராத்திரி எடிட்டும் நாமே. எடுத்ததை எவரிடமும் போட்டுக்காட்ட முடியாமல் மாதக்கணக்கில் ஹார்ட் டிஸ்க்கோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். அப்படிப்பட்டவர்களை ஒரே கூரைக்குக் கீழே உட்கார வைத்தால் என்ன ஆகும்? சாப்பாட்டு மணி அடித்தும் எவரும் எழுந்திருக்கவில்லை. அதுதான் ஆயிற்று.

பட்டறையை நடத்திய அக்கா தொழிலால் எடிட்டர். சனிக்கிழமை காலை, வணக்கம் சொன்ன கையோடு விளக்கை அணைத்துவிட்டு லூமியேர் சகோதரர்களின் படத்தைப் போட்டார். 1895, லியோன் நகரம், வேலை முடிந்து தொழிற்சாலைக் கதவு வழியே தொழிலாளர்கள் வெளியே வருகிறார்கள். ஐம்பது நொடிகூட இல்லை. முடிந்ததும் இன்னொன்று போட்டார். அதே கதவு, அதே கூட்டம்; ஆனால் இதில் குதிரைகளின் எண்ணிக்கை வேறு. மூன்றாவதில் குதிரையே இல்லை! சினிமாவின் ஆரம்ப நாளிலேயே, அதுவும் உள்ளதை உள்ளபடி காட்டும் படத்துக்கே, ரீடேக் போயிருக்கிறார்கள். 'உண்மையை எடுப்பது' என்றால் என்ன என்று யாரும் வகுப்பெடுக்கவில்லை. மூன்றையும் பார்த்துவிட்டு நாங்களே அடித்துக்கொண்டோம், மதியம்வரை.

அதன் வால்பிடித்து வந்ததுதான் ஞாயிறு விடிகாலைப் பயிற்சி. மாட்டுத்தாவணி பூச்சந்தை. முக்காலியில் கேமரா, ஒரே ஷாட், ஐம்பது நொடி. திருப்பக்கூடாது, ஜூம் போகக்கூடாது. "லூமியேருக்கு மூணு சான்ஸ் கிடைச்சுது. உங்களுக்கு ஒண்ணுதான்" என்றார் அக்கா.

ஒரு கடையோரம் தராசுக்கு எதிரே நின்றேன். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததெல்லாம் பேப்பரில் படித்த சங்கதி. விடியற்காலையில் அந்தச் சந்தைக்குள் நின்றால் மூளை வேலை செய்யாது, மூக்கு மட்டும்தான். பட்டனை அமுக்கினேன். கடைக்காரர் கை மொட்டை அள்ளித் தட்டில் போடுகிறது. முள் சற்றே சாய்கிறது. அந்தக் கையே இரண்டு விரலால் கொஞ்சம் கிள்ளி எடுக்கிறது. வாங்க வந்தவர் முறைக்கிறார். கிள்ளியது திரும்பத் தட்டுக்கே வருகிறது. ஃபிரேமின் இடது ஓரத்தில் ஓர் அம்மா குனிந்து, தரையில் சிந்திய மொட்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டிருக்கிறார். சட்டென்று சுமைதூக்கும் அண்ணன் ஒருவர் சாக்கு மூட்டையோடு குறுக்கே வர, ஃபிரேம் முழுக்கச் சணல். மூட்டை நகர்கிறது. இப்போது அந்த அம்மா நிமிர்ந்து நிற்கிறார், கடைக்காரர் கை ஒரு பிடி மல்லியை அவர் முந்தானையில் போடுகிறது. ஐம்பது நொடி முடிந்தது.

பிற்பகல் திரையில் அந்த மூட்டை வந்து போனபோது எழுந்த கைதட்டலைக் கேட்டிருக்க வேண்டும்! "வெட்டு அதுவா விழுந்திருக்கு பாரு" என்றார் அக்கா. அந்தச் சுமைதூக்கும் அண்ணன்தான் என் எடிட்டர். மற்றவர்களுடையதும் லேசுப்பட்டவை இல்லை. ஒருவர் நார் சுற்றும் விரல்களை மட்டும் எடுத்திருந்தார். இன்னொருவர் படம் முழுக்கக் கால்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் செல்போனில் டீ ஆற்றுவதை எடுத்திருந்தார், பின்னால் விலை கூவும் குரல்கள் மட்டும். ஒரே சந்தை, ஒரே விடியல், ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

சவுண்ட் வகுப்பு எடுத்த அண்ணன் தனி ரகம். காலர் மைக் புடவையில் உரசாமல் எப்படி ஒட்டுவது, பேச ஆரம்பிக்கும் முன் ஹெட்போனில் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். பேட்டி முடிந்ததும் அதே அறையில் ஒரு நிமிடம் எவரும் அசையாமல் இருந்து வெறும் அமைதியைப் பதிவு செய்ய வேண்டும். ரூம் டோன் என்பார்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்பப் பின்னால் அதுதான் கைகொடுக்கும். பேட்டி எடுக்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் இரைந்தால் அணைக்கிறோம் அல்லவா? அணைத்த கையோடு நம் வண்டிச்சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டுமாம். சாவியில்லாமல் கிளம்ப முடியாது. ஃபிரிட்ஜை மறுபடி போடாமல் போய், அந்த வீட்டுப் பாலும் மீனும் கெட்டுப்போகாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே பட்டறைக் கட்டணம் தகும்.

நிதி திரட்டுவது பற்றியும் ஒரு அமர்வு இருந்தது. நான் வெளியே போய் டீ குடித்தேன்.

இப்போது ரஃப் கட் அமர்வுக்கு, அதாவது இன்னும் செதுக்கி முடிக்காத முதல் எடிட்டைப் போட்டுக்காட்டும் அமர்வுக்கு வருகிறேன். ராமநாதபுரக் கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிப் படம் எடுத்துவரும் தம்பி, தன் முதல் பத்து நிமிடத்தைப் போட்டார். கம்பீரமான குரல் ஒன்று கடலன்னையின் மடியைப் பற்றி விவரித்தது, வயலின் அழுதது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நாங்கள் தலையாட்டினோம். அக்கா மட்டும், "தம்பி, வாய்ஸ் ஓவரையும் மியூசிக்கையும் மியூட் பண்ணிட்டு இன்னொரு தடவை போடேன்" என்றார். போட்டார். கடலுக்குள் இறங்கும் முன் ஒரு பெண் பழைய துணியைப் பல்லால் கிழித்து, பாறை கிழிக்காமலிருக்க ஒவ்வொரு விரலிலும் சுற்றுகிறார். துணி கிழியும் சத்தம்! முதல் முறை அந்தச் சத்தம் வயலினுக்கு அடியில் கிடந்திருக்கிறது. பக்கத்துப் பெண்ணிடம் ரேஷன் கடையில் இன்றைக்கு என்ன போடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே முடிச்சுப் போடுகிறார். கூடம் மொத்தமும் திரையை நோக்கிச் சாய்ந்துவிட்டது. தம்பி தன் படத்தை அன்றுதான் புதிதாகப் பார்ப்பதுபோல் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக "அக்கா, என்னோடதையும் மியூட் பண்ணிப் பாருங்க" என்று வரிசை கட்டியதை என்னவென்று சொல்ல!

சனி இரவு மொட்டைமாடிச் சுவரில் திரையிடல். இதே மதுரையில் ஆர்.பி.அமுதன் எடுத்த 'பீ' ஓடியது. தெருவைச் சுத்தம் செய்யும் ஒரு பெண்மணியின் பின்னாலேயே கேமரா போகிறது, நம்மைக் கண்ணை எடுக்க விடாமல். பிறகு எஸ்.என்.எஸ்.சாஸ்திரி ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக 1967இல் எடுத்த 'ஐ ஆம் 20'. சுதந்திரத்தோடு பிறந்த இருபது வயதுப் பிள்ளைகள் தேசத்தைப் பற்றிப் பேசும் படம். அரசாங்கக் காசில் இவ்வளவு குறும்பு செய்யலாமா என்று சிரித்து மாளவில்லை.

பேச்சு எங்கெங்கோ சுற்றி ஏ.கே.செட்டியாரிடம் வந்து நின்றது. 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் அவருக்குக் காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் தோன்றியது. பிறகு ஏறத்தாழ லட்சம் மைல் சுற்றி, யார் யாரோ எப்போதோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடி 50,000 அடி சேர்த்தார். 1940இல் படத்தை வெளியிட்டார், வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே! மின்னஞ்சல் இல்லை, ஹார்ட் டிஸ்க் இல்லை, கையில் பணமும் இல்லை. அவரே எழுதிய 'அண்ணல் அடிச்சுவட்டில்' புத்தகத்தை அந்த மாடியிலேயே இரண்டு பேர் செல்போனில் ஆர்டர் போட்டார்கள். மூன்றாவது ஆர்டர் என்னுடையது.

அடுத்த பட்டறை தை பிறந்ததும் இருக்கும் என்கிறார்கள், இடம் இன்னும் முடிவாகவில்லை. வருகிறவர்கள் நல்ல முக்காலியும் காதை மூடும் ஹெட்போனும் கொண்டு வாருங்கள். கொசுவத்தி அவசியம். யாரிடமும் காட்டக் கூச்சமாக ஒரு ரஃப் கட் கிடக்கும் பாருங்கள், முதலில் அதை எடுத்து வையுங்கள். எனக்குப் பக்கத்துப் பாய் காலியாக இருந்தால் தாராளமாக உட்காரலாம். குறட்டைக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.