ஆட்டவிதிகளும் இட்லித் தட்டும்

விடியோ விளையாட்டு என்றதும் படமும் ஓசையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஆட்டத்தை நடத்திச் செல்வது அதன் விதியாகும். அதிகப் புள்ளி எடுத்துப் பழைய எண்ணை முறியடிப்பது, போகப்போக வேகம் கூடுவது போன்ற விதிகள் இன்று எங்கும் உள்ளன. பொழிச்சலூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் மாணவர் கைபேசியில் ஆடும் ஆட்டத்திலும் இவற்றைக் காணலாம். இவற்றைப் பரப்பிய ஆட்டம் எது?

1978-இல் ஜப்பானில் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்பதே பொதுவான விடை. அதிகப் புள்ளியைக் காட்டும் வழக்கம் 1976-இல் வந்த 'சீ வுல்ஃப்' ஆட்டத்திலேயே இருந்தது. ஆயினும் அதை உலகெங்கும் பழக்கமாக்கியது பின்னதுதான்.

வேகம் கூடும் விதி பிறந்த கதை இன்னும் சுவையானது. திரையில் 55 பகை உருவங்கள். அவற்றைக் கணிப்பொறி ஒவ்வொன்றாகத்தான் நகர்த்தும். நாம் சுட்டு வீழ்த்த வீழ்த்த எண்ணிக்கை குறைகிறது. எஞ்சியவற்றின் முறை விரைவில் வருகிறது. அவை பாய்ந்து வருகின்றன! ஆட்டத்தை வடிவமைத்த டொமோஹிரோ நிஷிகாடோ இதைத் திருத்தாமல் விட்டார். கருவியின் குறை ஆட்டத்தின் விறுவிறுப்பாயிற்று.

'முதலில் செய்தது எது? பரப்பியது எது?' என்பவை வரலாற்றின் கேள்விகள். திறனாய்வாளர் மூன்றாவதாக ஒன்றும் கேட்க வேண்டும்: இந்த விதி இங்கே எதற்காக?

இந்த அளவுகோலை ஒரு தமிழ்க் குடும்பக் கதைக்கு வைத்துப் பார்ப்போம். கனடாவின் டொரான்டோவில் இயங்கும் 'விசை கேம்ஸ்' 2023-இல் வெளியிட்ட ஆட்டம் 'வெண்பா'. 1980-களில் கனடாவில் குடியேறிய வெண்பா என்னும் தாயின் கதை இது. அவள் அம்மா தந்த சமையல் குறிப்பேடு சிதைந்துபோய், சில வரிகள் படிக்க முடியாமல் இருக்கின்றன. விடுபட்ட படிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும்.

புதிர் விடுவிப்பது பழைய விதிதான். 'வெண்பா' அதைக் கண்டுபிடிக்கவுமில்லை, பரப்பவுமில்லை. ஆனால் இங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது? குழிக்கு நேர்மேலே குழி வந்தால், உப்பி எழும் இட்லி மேல்தட்டில் ஒட்டும். மாற்றி அடுக்கினால் மாவு எழ இடம் கிடைக்கும். ஆவியும் தடையின்றிப் பரவும். நம் வீட்டுச் சமையலறையில் கேட்காமலே தெரிந்துகொள்ளும் இந்த அறிவு, கடல் கடந்தால் புதிராகிவிடுகிறது. இழப்பைச் சொல்லும் வேலையைக் கதை மட்டுமன்றி விதியும் செய்கிறது. இந்த ஆட்டம் 2024-இல் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது பொருத்தமே.

குறையும் உண்டு. பதார்த்தங்கள் சிலவே, ஓரிரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். தவறினால் மறுபடி தொடங்கலாம், பொருளும் வீணாவதில்லை. ஆகவே மறந்துபோனதன் வலி கதையில் தைக்கும் அளவுக்குக் கையில் தைப்பதில்லை.

ஆட்டங்களைப் படைக்க விரும்பும் மாணவர்களுக்கு இதில் ஊக்கம் இருக்கிறது. புது விதி கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம். பழைய விதி ஒன்றை எடுங்கள். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் அதற்கு என்ன வேலை என்று தேடுங்கள்.