பாண்டியன் ஸ்டோர்ஸ் 2: பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருப்பவை

பாண்டியன் ஸ்டோர்ஸ், விஜய் தொலைக்காட்சியில் 2018 அக்டோபர் முதல் 2023 அக்டோபர் வரை ஒளிபரப்பான குடும்பத் தொடர். அது முடிந்த கையோடு, 2023 அக்டோபர் 30 அன்று, ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2: தந்தை சொல் மிக்க மந்திரமில்லை’ என்ற பெயரில் இரண்டாம் பாகம் தொடங்கியது. முதல் பாகம் தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி உள்ளிட்ட மொழிகளில் மறுஆக்கம் செய்யப்பட்டது. இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது புலப்படும் சில நுட்பங்களையும், அவை எழுப்பும் சங்கடமான கேள்விகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இரண்டு பாகங்களின் கதை

முதல் பாகம் நான்கு அண்ணன் தம்பிகளின் கதை. மூத்தவர் சத்தியமூர்த்தி மளிகைக்கடையை நடத்துகிறார். அவர் மனைவி தனம், கொழுந்தன்களையே பிள்ளைகளாக எண்ணி, தனக்கென ஒரு குழந்தை பெற்றுக்கொள்வதைத் தள்ளிப்போடுகிறார். ஜீவா, கதிர், கண்ணன் ஆகிய தம்பிகளுக்குத் திருமணமாகி, மருமகள்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வருகிறார்கள்.

இரண்டாம் பாகம் முதல் கதையின் தொடர்ச்சி அன்று. பாண்டியன், கோமதி தம்பதியின் பிள்ளைகளில் சரவணன், செந்தில், கதிர் ஆகிய மகன்களும் அரசி என்ற மகளும் அடங்குவர். கோமதி தன் அண்ணன்களின் எதிர்ப்பை மீறிப் பாண்டியனைக் காதலித்து மணந்தவர். அந்தப் பகை தலைமுறை தாண்டியும் தீரவில்லை.

பெயர்ப்பலகை உயிர்பெறுதல்

முதல் பாகத்தில் தந்தை உயிரோடு இல்லை. பாண்டியன் என்பது கடைப் பலகையில் உள்ள பெயர் மட்டுமே. இரண்டாம் பாகத்தில் அந்தப் பெயரே மனிதராகி, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் சத்தியமூர்த்தியாக நடித்த ஸ்டாலின் முத்துவே இங்குத் தந்தை பாண்டியன்.

நடிகரை மீண்டும் பயன்படுத்துவது வணிக வசதிக்காக இருக்கலாம். ஆனால் கதையில் அதன் விளைவு வேறு. முதல் பாகத்தில் அண்ணனின் அதிகாரம் தியாகத்தால் வந்தது. அவர் தம்பிகளுக்காக விட்டுக்கொடுத்தார். அதனால் தம்பிகள் கட்டுப்பட்டார்கள். இரண்டாம் பாகத்தில் அதே முகம் தந்தை என்ற உரிமையால் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கிறது. ஐந்து ஆண்டுகளாக அந்த முகத்தின் மீது பார்வையாளர் சேர்த்துவைத்த மரியாதை, பாண்டியன் எதையும் செய்துகாட்டும் முன்பே அவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடுகிறது. அவருடைய கடுமையை அன்பு என்று எளிதில் ஏற்றுக்கொள்ள இதுவே முதற்காரணம்.

இரண்டு கதிர்கள்

முதல் பாகத்தில் முல்லைக்குப் பேசிய மாப்பிள்ளை ஜீவா. ஜீவாவின் மனம் மீனாவிடம் இருந்ததால், குடும்ப மானத்தைக் காக்கக் கதிர் முல்லைக்குத் தாலி கட்டுகிறான். இரண்டாம் பாகத்தில் கோமதியின் அண்ணன் மகள் ராஜி, காதலித்தவனால் நகையோடு ஏமாற்றப்பட்டு நிற்கிறாள். இந்த முறை கோமதி தன் மகன் கதிரைத் தாலி கட்டவைக்கிறார். இருவரும் அத்தை மகன், மாமன் மகள் என்பதால் முறையும் பொருந்திவிடுகிறது.

இரண்டு கதைகளிலும் கதிர் என்ற பெயருடையவனே மற்றவர் செய்ததற்குத் தன் வாழ்க்கையைக் கொடுக்கிறான். இரண்டிலும் அந்த மணம் மெல்லமெல்ல அன்பாக மாறுகிறது. பார்வையாளர் மிகவும் விரும்பும் இணையும் அதுவே. கட்டாயத்தில் தொடங்கும் மணம் கடைசியில் இனிக்கும் என்ற கருத்து இப்படித்தான் இரண்டு முறை உறுதிசெய்யப்படுகிறது. சம்மதம் கேட்கப்படவில்லையே என்ற கேள்வி, காதல் காட்சிகள் வரத் தொடங்கியதும் மறைந்துபோகிறது. ராஜியின் நிலையில் இருக்கும் பெண்ணுக்கு உடனடித் தேவை பாதுகாப்பும் காவல்நிலையப் புகாரும். தொடர் அவளுக்குக் கொடுப்பது ஒரு கணவனை.

கல்லாப்பெட்டியும் கணக்கும்

மளிகைக்கடை இத்தொடரின் உயிர்நாடி. ஆனால் அங்கே வேலை செய்யும் மகனுக்கு மாதச் சம்பளம் என்ன, இலாபத்தில் பங்கு என்ன என்பதற்குத் தெளிவான விடை இல்லை. மகன் கையை நீட்ட வேண்டும். தந்தை பார்த்துக் கொடுக்க வேண்டும். செந்திலின் மனைவி மீனா அரசு வேலையில் இருப்பவர். செந்திலும் கடையை விட்டு அரசு வேலைக்கு ஏங்குவதைத் தொடர் ஒரு பலவீனம் போலக் காட்டுகிறது. தன் பெயரில் ஒரு ரூபாயேனும் வரவேண்டும் என்ற ஓர் ஆணின் இயல்பான விருப்பம் அது.

வணிகக் குடும்பங்கள் நிறைந்த விருதுநகர் வட்டாரத்தோடு ஒப்பிட்டால் இந்தக் குறை தெளிவாகும். பருப்பு, எண்ணெய், வத்தல் மொத்த வணிகத்தால் வளர்ந்த ஊர் அது. அங்கே வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று ‘மகமை’ எடுத்து வைத்தார்கள். அந்தப் பொதுப்பணம் பள்ளிக்கூடங்களாக நிற்கிறது. பொதுப்பணம் நிலைத்ததற்குக் காரணம் பாசம் மட்டுமன்று. எழுதிவைத்த கணக்கும் அதைக் கேட்கும் உரிமையும் இருந்தன. பாண்டியன் ஸ்டோர்ஸில் பாசம் நிறைய உண்டு. கணக்குக் கேட்டால் மட்டும் அது துரோகமாகிவிடுகிறது.

பெண்களின் உழைப்புக்கும் இதே கதிதான். சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்குக் கூலி குறைவு; வேலை கடினம். ஆனாலும் எத்தனை ஒட்டினாள் என்பதற்கு ஓர் எண்ணிக்கை இருக்கிறது. அந்த எண்ணிக்கையை வைத்து அவள் கூலியைக் கேட்கலாம், குறைந்தால் சண்டை போடலாம். தனமும் கோமதியும் விடியற்காலை முதல் இரவு வரை செய்யும் வேலைக்கு எண்ணிக்கையே கிடையாது. அதற்குப் பெயர் குணம். எண்ணப்படாத உழைப்பைப் புகழ்வது, அதை எண்ணாமலே விட்டுவிட உதவும் வழியும் ஆகும்.

பிரிந்தால் அழிவா?

இரு பாகங்களிலும் பெரிய அச்சம் தனிக்குடித்தனம். வீட்டில் ஒருவர் பெட்டியைத் தூக்கினால் சாவு வீட்டு இசை ஒலிக்கிறது. உண்மை வாழ்க்கை வேறு சான்றும் தருகிறது. சிவகாசியின் ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த உறவினர்கள். சேர்ந்து தொடங்கிய அவர்கள் பின்னர்த் தனித்தனி நிறுவனங்களாகத் தொழில் செய்தார்கள். இருவர் வழியிலும் தொழில் வளர்ந்தது. முறையாகப் பிரிவதும் உறவைக் காக்கும் வழிதான் என்பதை இந்தத் தொடர் ஒருமுறைகூட எண்ணிப்பார்ப்பதில்லை.

தாய்வீட்டுக் கதவு

காதலித்து மணந்ததால் கோமதிக்குத் தாய்வீடு மூடப்பட்டது. தொடர் இதை முழுக்க மானப் பிரச்சினையாகவே காட்டுகிறது. பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை உண்டு என்பதை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் நாடு முழுவதற்கும் உறுதிசெய்தது. தமிழ்நாடு 1989-லேயே இத்திசையில் சட்டம் இயற்றியது. ஒதுக்கிவைக்கப்பட்ட மகள் பங்கு கேட்டு வருவதில்லை. ஆகவே மானத்துக்கான பகை சொத்துக்கும் காவலாக நிற்கிறது. அண்ணன்களின் கோபத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால், அது வெறும் முரட்டுப் பாசமாகத் தெரியாது.

பொய்யால் நிற்கும் வீடு

துணைத்தலைப்பு ஒளவையாரின் கொன்றைவேந்தனிலிருந்து எடுக்கப்பட்டது. தாயைக் கோயிலுக்கும் மேலாக வைப்பதும் அதே நூல்தான். தொடர் ஒன்றைத் தலைப்பாக்கி, மற்றொன்றைச் சமையலறையில் விட்டுவிட்டது.

ஆனால் கதை தலைப்பைக் காப்பாற்றவில்லை என்பதே சுவையான செய்தி. காதலித்து மணந்த பாண்டியன், தன் பிள்ளைகள் காதலிக்கக் கூடாது என்கிறார். அதன் பயன் என்ன? செந்தில் தன் காதலை மறைக்கிறான். கதிரின் திருமணத்தைத் தானே நடத்திவைத்த கோமதி, அதைக் கணவரிடம் நெடுநாள் ஒளிக்கிறார். மூத்த மருமகள் தங்கமயிலின் பெற்றோர், முலாம் பூசிய நகையைத் தங்கம் என்றும், இல்லாத படிப்பை உண்டு என்றும் சொல்லிப் பெண்ணைத் தருகிறார்கள். தங்கமயிலை வில்லியாகப் பார்த்துச் சிரிப்பது எளிது. நகையும் பட்டமும் எடை போடப்படும் சந்தையில் இரண்டும் இல்லாத வீட்டின் பயத்தை அவள் சுமக்கிறாள். மந்திரமாக மதிக்கப்படும் அந்தச் சொல்லுக்கு முன்னால் எவராலும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. தந்தைக்கு அஞ்சும் வீட்டில் தந்தைதான் கடைசியாகச் செய்தி அறிகிறார்.

முகங்கள் மாறும் வீடு

முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பர் 9 அன்று மறைந்தார். அந்தப் பாத்திரம் வேறு நடிகையருடன் தொடர்ந்தது. முல்லை இருந்தாள்; அவளுக்கு முகம் கொடுத்த இளம்பெண் இல்லை. தொடர் நிற்காமல் ஓடவேண்டிய தொழில் என்பதால் இது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆயினும் இடம்தான் நிரந்தரம், ஆள் மாற்றத்தக்கவர் என்ற விதி, திரையில் மருமகள்களுக்குச் சொல்லப்படும் பாடத்தோடு ஒத்துப்போவது மனத்தை உறுத்துகிறது.

மதிப்பீடு

மாமியார், மருமகள் சூழ்ச்சிகளே கதை என்றிருந்த காலத்தில், ஒருவருக்கொருவர் நல்லவர்களாக இருக்க முயலும் குடும்பத்தைக் காட்டியது முதல் பாகத்தின் சாதனை. ஓரகத்திகள் தோழிகளாக இருக்கும் காட்சிகள் இரண்டு பாகங்களுக்கும் அழகு சேர்க்கின்றன. மீனாவும் ராஜியும் பேசிக்கொள்ளும் இடங்களில்தான் உண்மை தடையின்றி வெளிவருகிறது.

தொடரை வெறுக்க இந்த நுட்பங்கள் காரணமாக வேண்டியதில்லை. கடையிலோ வீட்டிலோ சம்பளமின்றி உழைக்கும் இளைஞர்களும் இளம்பெண்களும் இதை நாள்தோறும் பார்க்கிறார்கள். பாண்டியனின் வீட்டில் யார் எதை, எதற்கு அஞ்சி மறைக்கிறார்கள் என்று ஒரு தாளில் பட்டியலிட்டுப் பார்த்தால் போதும். அதன்பின் தங்கள் வீட்டில் எதை வெளிப்படையாகப் பேசவேண்டும் என்பது அவர்களுக்கே விளங்கும்.